கொம்பு முளைக்காத கோடு

நந்தினி பரசுராமனோடு முதன்முதலாகப் பேசியது அவள் வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள். அந்தப் பேச்சு அவளுக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. பிரின்டரிலிருந்து எடுத்த, கோடு வரைந்த ஒரு தாளை அவள் மேசைமேல் வைத்தாள். அவர் அதை எடுத்துத் தலைகீழாகப் பார்த்தார். பிறகு நேராகத் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுபோல் கீழே வைத்தார்.

“என்னம்மா இது, கொம்பு கொம்பா நிக்குது?”

“உங்க வண்டிப் பெட்டியோட சூடுண்ணா. நேத்து காலையில ஆறு மணிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்.”

“கேபின்ல நாலுன்னுதானே காட்டுச்சு.”

“மத்த நேரமெல்லாம் நாலுதான். இங்க பாருங்க, பத்தே முக்காலுக்கு ஒன்பதரை.”

“பத்தே முக்காலுக்கு நான் போளூர்ல.”

“போளூர்ல என்ன பண்ணீங்க?”

“கதவைத் தொறந்தேன்.”

“எதுக்கு?”

“மருந்தை எடுக்கத்தாம்மா. தொறக்காம எடுக்க முடியல.”

அவள் எழுதிக்கொண்டாள். மருந்து அனுப்பும் சென்னை நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி அனுப்புவதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த முதல் வேலை. “எவ்ளோ நேரம் தொறந்திருந்துச்சு?”

“கடைக்காரர் கண்ணாடி தேடற வரைக்கும்.”

“கண்ணாடியா?”

“கையெழுத்துப் போடணுமே.”

கண்ணாடியை எப்படி எழுதுவது என்று யோசித்துவிட்டு, பெற்றுக்கொள்பவர் தரப்பில் தாமதம் என்று பொருள்படும் ஒரு வரியை எழுதினாள்.

“என்ன எழுதின?”

“கடைக்காரர் லேட் பண்ணாருன்னு.”

“அவர் மேல தப்பு சொல்லாத. வயசானவர். காத்து ஜாஸ்தின்னு எழுது.”

“காத்துக்கும் இதுக்கும் என்னண்ணா சம்பந்தம்?”

“எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமோ அதேதான்.”

அவள் முதலில் எழுதிய வரியை அடித்துவிட்டுக் காற்று அதிகம் என்று எழுதினாள். அது முதல் கடிதம். அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் சென்னையில் ஒரு கோப்பில் அது எண்ணப்பட்டது.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த வீடுகளுக்கு நடுவே சந்திரம்மாளின் லாரி ஷெட் இருந்தது. அவருக்கு மூன்று வண்டிகள். இரண்டு, சிமென்ட்டும் மரச்சாமானும் ஏற்றுபவை. மூன்றாவது, குட்டி யானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி. அதன் முதுகில் வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, கூரையில் குளிர்விக்கும் இயந்திரத்தை ஏற்றியிருந்தார்கள். சென்னை மருந்து நிறுவனம் ஒன்று அனுப்பும் இன்சுலினும் நாய்க்கடித் தடுப்பூசியும் கண் சொட்டு மருந்தும் இந்தப் பெட்டியில் ஏறி மாவட்டத்து மருந்துக் கடைகளுக்குப் போகும். பெட்டிக்குள் எப்போதும் இரண்டு டிகிரிக்குக் குறையக் கூடாது, எட்டுக்கு மேல் போகக் கூடாது. அதைக் கண்காணிக்க நிறுவனம் தன் சென்சார் ஒன்றைப் பெட்டியின் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தது. பேனா பருமனில் ஒரு எஃகுக் குச்சி. அது அளப்பதை நொடிக்கு நொடி சென்னைக்கு அனுப்பும். கதவு திறந்து மூடுவதையும் இன்னொரு கருவி குறித்துக்கொள்ளும்.

பரசுராமனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அடி அண்ணாமலைக்காரர். முக்கால் காணி நிலம், வேலியோரம் இரண்டு எலுமிச்சை மரங்கள், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். இருபது வயதில் கரும்பு லாரி ஓட்டினார். அடுத்து தண்ணீர் லாரி. அப்புறம் ஆறு வருடம் ஐஸ்கிரீம் வண்டி. ஐஸ்கிரீமுக்கு மைனஸ் பதினெட்டு. அதைப் பார்த்தவருக்கு மருந்து வண்டி பங்குனி மாதம் மாதிரி என்று சொல்வார். சொன்னாலும் பெட்டிக்குள் ஏறும்போது காதுவரை மூடும் பழுப்பு நிறக் கம்பளிக் குல்லா ஒன்றைப் போட்டுக்கொள்வார். இறங்கியதும் கழற்ற மறந்துவிடுவார். அக்கினி நட்சத்திரத்தில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் கம்பளிக் குல்லாவோடு நின்று மோர் குடித்தவரைப் பார்த்து ஒருவர், “ஐயா, ஊட்டி எந்தப் பக்கம்?” என்று கேட்டாராம். “பின்னாடி கதவைத் தொறந்தா வரும், தொறக்கறதில்ல” என்றாராம் இவர்.

தொறக்கறதில்ல என்பது அவர் வாழ்க்கையில் பெரிய விஷயம். இந்த ஊரில் குளிர்ந்த பெட்டி ஒன்று சக்கரத்தின் மேல் சுற்றுகிறது என்று தெரிந்தால் ஆசைப்படாதவர்கள் யார். பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் நீர்மோர் கொடுப்பவர்கள் மோர்க்குடத்தை உள்ளே வைக்கச் சொன்னார்கள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் கஃபே நடத்துபவர் பெங்களூரிலிருந்து வந்த பாலாடைக்கட்டியை வைக்கச் சொன்னார். ஒருமுறை செங்கத்தில் ஒரு வீட்டார், வெளிநாட்டிலிருந்து மகன் வந்துசேரும் வரை தங்கள் பெரியவரை வைக்க முடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார்கள். பரசுராமன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரியவரைக் கும்பிட்டார். “இது உயிரோட இருக்கறவங்க பெட்டிங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சொந்த அக்காள் மகள் கல்யாணத்துக்கு இரண்டு கேன் பாலை ராத்திரி மட்டும் உள்ளே வைக்கச் சொன்னபோதும் முடியாது என்றார். கல்யாணத்தன்று பால் திரிந்தது. அக்காள் ஆறு மாதம் பேசவில்லை. ஏழாம் மாதம் பேசினார். “உன் வண்டி நல்லா இருக்கா?” என்று கேட்டார். “இருக்கு” என்றார் இவர். அதோடு மறுபடியும் நான்கு மாதம். இந்தக் கதையைச் சந்திரம்மாள் புதிதாக வேலைக்கு வரும் எல்லோரிடமும் கம்பெனியின் வரலாறாகச் சொல்வார்.

ஆனால் கோட்டில் கொம்பு முளைப்பதை அவரால் நிறுத்த முடியவில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து கடை. ஒவ்வொரு கடையிலும் கதவு திறக்கும். திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், சென்சார் அதைப் பார்க்கும், கோட்டில் கொம்பு முளைக்கும். எட்டு டிகிரிக்குமேல் போகும் கொம்புக்கு ஒரு கடிதம். ஒரு வருடத்தில் பத்துக் கடிதம் ஆகிவிட்டால் அந்த ஓட்டுநரை மருந்து வண்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மற்ற இரண்டு வண்டிகளுக்கும் ஓட்டுநர்கள் இருந்தார்கள். அதாவது பத்து வந்தால் பரசுராமன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

புரட்டாசி முடிவதற்குள் எட்டு வந்துவிட்டது. அதில் ஒன்று, கதவின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து இறங்க மறுத்ததால் வந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய அன்று நந்தினி கல்லூரியில் தான் வாங்கிய மதிப்பெண்களைப் பற்றி யோசித்தாள்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. சந்திரம்மாள் கம்ப்யூட்டர், பிரின்டர், பசை டப்பா, ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பரசுராமன் வண்டியை மூன்று மணி நேரம் கழுவினார். முன்னால் வாழைக்கன்று கட்டி, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கினார். வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது ஐந்து. ஐந்தாவது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நந்தினி தாளை எடுத்தபோது அதில் கொம்பு இல்லை. பிரின்டரில் கோளாறோ என்று இன்னொரு முறை எடுத்தாள். கோடு நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன்போல் நேராகக் கிடந்தது. மறுநாளும் அப்படியே. மறுவாரமும்.

“என்னண்ணா பண்ணீங்க?” என்று கேட்டாள்.

“பூஜை போட்டேன்.”

எல்லோரும் சொல்கிற பதில்தான் என்று அதை எடுத்துக்கொண்டாள். கதவைச் சீக்கிரம் மூடப் பழகிவிட்டார் என்று தானாகவே முடிவுசெய்து, மாத அறிக்கையில் அதை ஒரு பாராட்டாக எழுதினாள். ஆங்கிலத்தில் யாரையும் பாராட்டிப் பழக்கம் இல்லாததால் அந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

கார்த்திகை தீபத்தன்று ஊருக்குள் வண்டிகளை விடுவதில்லை. மருந்து வண்டிக்கு மட்டும் பாஸ் கிடைத்தது. செங்கம் ரோட்டில் ஒரு மருந்துக் கடை வாசலில் பரசுராமன் பின்கதவைத் திறந்தார். கடைக்காரர் டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. திறந்த கதவுக்கும் வண்டிக்கும் நடுவே ஜனங்கள் நடக்க ஆரம்பித்தார்கள். நடந்தவர்கள் உள்ளேயிருந்து வந்த குளிர்காற்றில் கொஞ்சம் நின்றார்கள். நின்றவர்களால் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பெட்டியிலிருந்து வெள்ளையாகப் புகை வருவதைப் பார்த்த ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நகருங்கம்மா, இது இன்சுலின்” என்றார் பரசுராமன். அந்த அம்மாள் நகர்ந்தார். பின்னால் வந்தவர் கும்பிட்டார். கதவை மூடுவதற்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று.

நான்கு நாள் கழித்து நந்தினிக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. பேசியவர் நிறுவனத்தில் தரக் கட்டுப்பாடு பார்க்கும் அறிவுச்செல்வன். சின்ன வயது, மிகவும் மரியாதையான குரல்.

“மேடம், உங்க டிரைவர் ரொம்ப நல்லா ஓட்டறார்.”

“தேங்க்ஸ் சார்.”

“ரொம்பவே நல்லா ஓட்டறார். அதனாலதான் கூப்பிட்டேன்.”

அவள் பேனாவை எடுத்தாள்.

“தீபத்தன்னிக்கு உங்க வண்டிக் கதவு பதினோரு நிமிஷம் தொறந்திருந்திருக்கு. டிகிரி அரைப் புள்ளிகூட ஏறல. ஒன்னு, அன்னிக்கு உங்க ஊரே நாலு டிகிரியில இருந்திருக்கணும். இல்லன்னா சென்சார் வேற எங்கேயோ இருந்திருக்கணும்.”

இது புதிய தந்திரம் இல்லை என்று அவர் விளக்கினார். சில ஓட்டுநர்கள் டீசலை மிச்சம்பிடித்து விற்பதற்காகக் குளிர் இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள். சென்சாரை மட்டும் ஐஸ் போட்ட பாட்டிலில் செருகி வைப்பார்கள். சென்னையில் கோடு நேராகத் தெரியும், மருந்து வெயிலில் வேகும். வேறொரு மாவட்டத்தில் போன வருடம் ஒருவர் பிடிபட்டார். அவர் இனி எந்த நிறுவனத்திலும் மருந்து வண்டி ஓட்ட முடியாது.

“மூனு நாள்ல எழுத்துல விளக்கம் வேணும். அதுவரைக்கும் சென்சார்கிட்ட யாரும் கை வைக்கக் கூடாது. அப்புறம் மேடம், அக்டோபர் ரிப்போர்ட்ல அவரைப் பாராட்டி எழுதினது நீங்கதானே?”

“நான்தான் சார்.”

“சரி” என்றார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று அவர் சொல்லவில்லை.

சந்திரம்மாள் கேட்டுவிட்டு வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். “ஐஸ் பாட்டிலா? அவன் அக்கா வீட்டுப் பாலையே ஏத்தாதவன். போய் அவனையே கேளு. பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா அவன் அக்காகிட்டயே சொல்லியிருப்பான்.”

பரசுராமன் ஷெட்டில் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, உள்ள சென்சாரைத் தொட்டீங்களா?”

“தினமும் தொட்டுக் கும்பிடறேன்.”

“தொட்டதைத் தவிர?”

“பழம் வச்சிருக்கேன்.”

“என்ன பழம்?”

“எலுமிச்சம்பழம். திருஷ்டிக்கு வாழப்பழமா வெப்பாங்க?”

அவர் குல்லாவைக் கழற்றி அவளிடம் நீட்டினார். இன்னொருவர் தலையில் இருந்த குல்லா. அவள் வேண்டாம் என்றாள். “சட்டுனு ஏறு, கொம்பு வந்துரும்” என்று கதவைத் திறந்து அவள் பின்னாலேயே ஏறி மூடிக்கொண்டார். பிளாஸ்டிக் திரைக்கு அப்பால், கூரையிலிருந்து தொங்கிய எஃகுக் குச்சியின் நுனியில், செருகிய எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது. நாலு பக்கமும் குங்குமம். அப்போது பறித்ததுபோல் பளபளவென்றிருந்தது.

“இன்னிக்கு வச்சதா?”

“அமாவாசைக்கு வச்சது. பதினாறு நாள் ஆச்சு. வெளியில நாலு நாள்ல சுருங்கிடும். இங்க ஒரு மாசம் தாங்குது.” நல்ல வாடகை வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

“இதுல எதுக்குண்ணா வச்சீங்க? சக்கரத்துக்குத்தான் வச்சீங்களே.”

“சக்கரத்தை யார் பாக்கறா? இதைத்தான் மெட்ராஸ்லேர்ந்து பாக்கறாங்க. நம்ம முதலாளி அக்கா பாக்கறாங்க. நீ தினமும் பாக்கற. இத்தினி கண்ணு பட்டா கொம்பு முளைக்காம என்ன பண்ணும்?”

குளிரில் அவள் பற்கள் அடித்துக்கொண்டன. அப்படியே விளக்க முயன்றாள். “இது காத்தோட சூட்டைத்தான் பாக்கணும்ணா. இப்ப பழத்துக்குள்ள இருக்கறதால பழத்தோட சூட்டைப் பாக்குது.”

“பழம் நாலுல இருக்குதா?”

“இருக்கு.”

“பக்கத்துல இருக்கற மருந்தும் நாலுலதானே இருக்கும்?”

அவள் சென்னையில் என்ன நினைக்கிறார்கள் என்பதைச் சொன்னாள். ஐஸ் பாட்டில், டீசல், போன வருடம் பிடிபட்டவர் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குல்லாவை நான்காக மடித்தார். பிறகு பிரித்தார்.

“டீசல் திருடறேன்னு.”

“அப்படிச் சொல்லல. சந்தேகம்னுதான்.”

“யார் பதில் எழுதணும்?”

“நான்தான்.”

“எழுதிட்டுப் படிச்சுக் காட்டு.”

அன்று மாலை அவள் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். வண்டியைச் சுத்தம் செய்யும்போது சென்சாரின் மேல் அயல் பொருள் ஒன்று கவனக்குறைவாகப் படிந்துவிட்டது, அது அகற்றப்படும், மீண்டும் நிகழாது. நல்ல கடிதம்தான். யாருக்கும் எதுவும் புரியாது.

“அயல் பொருள்னா?”

“வெளியிலேர்ந்து வந்தது.”

“எங்க வேலியில காச்சது அது. கவனக்குறைவாவும் படியல. பாத்து, நடு மையத்துல குத்தினேன்.”

“எலுமிச்சம்பழம்னு எழுதினா சிரிப்பாங்கண்ணா.”

“சிரிக்கட்டும். பழம்னு எழுதினா என்னை முட்டாள்னு நினைப்பாங்க. பொருள்னு எழுதினா திருடன்னு நினைப்பாங்க. முட்டாளாவே இருந்துட்டுப் போறேன்.”

சந்திரம்மாள் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “பழம்னே எழுது” என்றார்.

நந்தினி வேறு தாள் எடுத்தாள். ஆயுத பூஜையன்று வழக்கப்படி சென்சாரின் நுனியில் ஓர் எலுமிச்சம்பழம் செருகப்பட்டது, அது ஒவ்வோர் அமாவாசையும் மாற்றப்படுகிறது, குளிர் இயந்திரம் ஒருநாளும் அணைக்கப்படவில்லை என்று எழுதினாள். கடைசியில், யாரும் சொல்லாமலே இன்னொரு வரியையும் சேர்த்தாள். அக்டோபர் மாதப் பாராட்டை வண்டிக்குள் ஏறிப் பார்க்காமல் எழுதியவள் தான்தான் என்றும், அந்தத் தவறு ஓட்டுநருடையது அல்ல என்றும். அந்த வரியை மட்டும் அவள் படித்துக் காட்டவில்லை.

மறுநாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: என்ன பழம் என்பதை உறுதிசெய்து, படம் அனுப்பவும்.

படம் போன நான்காம் நாள் அறிவுச்செல்வன் நேரிலேயே வந்தார். சட்டைப் பொத்தான் அளவில் ஆறு வெப்பமானிகள் கொண்டுவந்திருந்தார். இரண்டைப் பெட்டிக்குள் வெறும் காற்றில் தொங்கவிட்டார். நான்கை மருந்து டப்பாக்களுக்குள் மருந்தோடு மருந்தாக வைத்து மூடினார். எலுமிச்சம்பழத்தை அப்படியே விட்டுவிட்டார். பழத்தைக் கிட்டப் போய் முகர்ந்து பார்த்தார் என்று பரசுராமன் பிறகு சொன்னார்.

பரசுராமன் வண்டியை எடுத்தார். அவர் பக்கத்தில் அறிவுச்செல்வன் உட்கார்ந்தார். போளூர், ஆரணி என்று வழக்கமான கடைகள். ஆரணியில், பின்கதவைப் பதினோரு நிமிடம் திறந்து வைக்கும்படி அறிவுச்செல்வன் சொன்னார்.

“எதுக்கு சார்?”

“பரிசோதனைக்கு.”

“என் கையால முடியாது. நீங்களே தொறந்துக்குங்க.”

அறிவுச்செல்வன் திறந்தார். பரசுராமன் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருந்த பாத்திரக் கடையைப் பதினோரு நிமிடமும் பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் வெளியே வந்து என்ன பாத்திரம் வேண்டும் என்று கேட்டாராம்.

வேங்கிக்காலில் நந்தினி அன்று முழுவதும் எந்த வேலையையும் முடிக்கவில்லை. ஐந்து மணிக்கு வண்டி ஷெட்டுக்குள் நுழைந்தது. இறங்கிய அறிவுச்செல்வனின் தலையில் பழுப்பு நிறக் கம்பளிக் குல்லா இருந்தது. அதோடேயே அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்து, ஆறு வெப்பமானிகளையும் லேப்டாப்பில் சேர்த்தார். பரசுராமன் வாசற்படியிலேயே நின்றார். உட்காரச் சொன்னதற்கு, “முடியட்டும்” என்றார்.

திரையில் கோடுகள் வந்தன. காற்றில் தொங்கிய இரண்டிலும் கொம்புகள். ஆரணியில் முளைத்த கொம்பு பதினான்கு டிகிரியைத் தொட்டது. டப்பாக்களுக்குள் இருந்த நான்கும் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே படுத்துக் கிடந்தன. எலுமிச்சம்பழத்தின் கோட்டை அவற்றின் மேல் வைத்தபோது, அது எது, இவை எவை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சந்திரம்மாள் டீயை அறிவுச்செல்வன் பக்கம் நகர்த்தினார்.

“என்ன சார் சொல்லுது?”

“மருந்து நல்லா இருக்கு மேடம். எப்பவுமே நல்லாத்தான் இருந்திருக்கு. காத்து டக்குனு சூடாகும். டப்பாக்குள்ள இருக்கற மருந்து மெதுவாத்தான் சூடாகும்.” டீயை எடுத்தார். “பழமும் அப்படித்தான்.”

“அப்ப இத்தினி நாளா எட்டு லெட்டர் எழுதினமே, அது?”

அவர் டீயைக் குடித்து முடித்தார். “அது காத்தைப் பத்தின லெட்டர் மேடம்.”

நந்தினிக்குத் தான் எழுதிய முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. வாசற்படியைப் பார்த்தாள். பரசுராமன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இவன் திருடன் இல்ல” என்றார் சந்திரம்மாள்.

“இல்ல மேடம்.”

“அதை அவன்கிட்ட சொல்லுங்க. அங்கதான் நிக்கறான்.”

அறிவுச்செல்வன் எழுந்து போய்ச் சொன்னார். குல்லாவையும் கழற்றிக் கொடுத்தார். பரசுராமன் இரண்டையும் வாங்கிக்கொண்டார். “பழத்தை மாத்தலாமா சார்? இருபத்தி மூனு நாள் ஆச்சு” என்று கேட்டார்.

பழத்தை மாற்ற முடியாது, எடுத்துவிட வேண்டும் என்றார் அறிவுச்செல்வன். நியாயமாக இதற்கென்றே ஒரு சிறு பாட்டில் உண்டு. உள்ளே கெட்டியான திரவம் இருக்கும், அதில் சென்சாரின் நுனி மூழ்கியிருக்கும், மருந்து சூடாகும் வேகத்தில்தான் அதுவும் சூடாகும். பெரிய ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் வைக்கிறார்கள். தங்கள் வண்டிகளுக்கும் அதை வைக்கும்படி அவர் இரண்டு வருடமாக மேலே எழுதிக்கொண்டிருந்தாராம். எடுத்துக்காட்டு இல்லாமல் கோப்பு நகரவில்லை. இப்போது எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது. அதைக் கோப்பில் எப்படி எழுதுவது என்பதுதான் யோசனையாக இருக்கிறது என்றார். நந்தினி, பழம் என்றே எழுதிவிடலாம் என்றாள்.

தை மாதம் பாட்டில் வந்தது. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக இல்லை. அதோடு ஒரு உறுதிமொழிப் படிவமும் வந்தது. சென்சாரின் மீதோ பாட்டிலின் மீதோ ஓட்டுநர் தன் கையால் எந்தப் பொருளையும் செருகவோ பூசவோ கட்டவோ தொங்கவிடவோ மாட்டார். நந்தினி அதைத் தமிழில் சொன்னாள். பூசவோ என்ற இடத்தில் பரசுராமன் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். தலைப்பெழுத்தோடு முழுப்பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எடுத்த பழத்தை என்ன செய்தார் என்று அவள் கேட்டாள். சாதத்தில் பிழிந்து சாப்பிட்டதாகச் சொன்னார். நல்ல சாறு இருந்ததாம்.

பிறகு கொம்பு முளைக்கவில்லை. கடிதமும் இல்லை. அந்த வருடம் முழுவதும் கோடு படுத்தே கிடந்தது. பரசுராமன் போளூருக்கும் ஆரணிக்கும் போய்வந்தார். மோர்ப் பானை வேண்டாம் என்றார், பாலாடைக்கட்டி வேண்டாம் என்றார். அக்காள் வீட்டுப் பேரனுக்குக் காது குத்தியபோது யாரும் அவரைப் பால் கேட்கவில்லை. தினமும் காலையில் பெட்டிக்குள் ஏறி, பாட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குவார். தொடுவதில்லை.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. வாழைக்கன்று கட்டியாயிற்று. சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் குளிர் இயந்திரத்துக்கும் பொட்டு வைத்தாயிற்று. நந்தினியின் மேசையில் மவுஸ் வரைக்கும் குங்குமம். அவள் பொரியை வாயில் போட்டபடி கணக்குத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பரசுராமன் வந்து எதிரே நின்றார். ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் வைத்த தட்டு. இன்னொரு கையில் குல்லா.

“எல்லாத்துக்கும் வச்சாச்சும்மா. ஒன்னு பாக்கி.”

அவள் நிமிர்ந்தாள்.

“என் கையால பூச மாட்டேன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். எழுதிக் குடுத்தா குடுத்ததுதான். முதலாளி அக்காவால ஏற முடியாது, முட்டி வலி.” தட்டை மேசைமேல் வைத்தார். “நீ எதுவும் எழுதிக் குடுக்கலையே?”

“இல்லண்ணா.”

“ஒரு பொட்டு போதும். பாட்டில் மேல கூட வேணாம், மூடி மேல.” குல்லாவை உதறி, உட்புறத்தை வெளியே திருப்பி, அவளிடம் நீட்டினார். “துவச்சதுதான். போட்டுக்கினு ஏறும்மா.”